வாய் நிறையப் பின்கள்

சேலைக்குக் குத்தும் பின்னுக்கு ஒரு சுவை உண்டு. இரும்பும் உப்பும் கலந்த சுவை. நாக்கு நுனியில் பட்டால் பல்லின் அடி வரைக்கும் கூசும். எட்டுப் பின்களை உதடுகளுக்கு நடுவில் கடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு குடிக்கிற தேத்தண்ணியிலும் அந்தச் சுவைதான் இருக்கும்.

அன்று காலை ஆறு மணிக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபத்தின் உடுப்பு மாற்றும் அறையில் நான் அப்படித்தான் இருந்தேன். நிலத்தில், பாயில், சுவரில் சாய்ந்துகொண்டு. சொந்தமாகச் சலூன் வைத்திருப்பவள். இருபது வருடமாக மணப்பெண்களுக்கு உடுத்திவிட்டவள்.

அறையின் யன்னல் கடலைப் பார்த்திருந்தது. நடுவில் ரயில் பாதை. விடிந்தும் விடியாத அந்த நேரத்துக் கடலுக்கு நிறம் இல்லை. காற்று வரும்போது திரைச்சீலை வயிறு வைத்ததுபோல் ஊதி, பிறகு மெல்ல அடங்கும். பெண்ணின் தலைமுடிக்குப் பிடித்த சாம்பிராணிப் புகை தரையோடு ஊர்ந்து என் கால் வரைக்கும் வந்தது. ரயில் போனபோது கண்ணாடி அதிர்ந்தது. அதற்குள் இருந்த பெண்ணின் முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நடுங்கி, மறுபடி ஒன்றுசேர்ந்தது.

பெண்ணின் பெயர் அபிராமி. வங்கியில் வேலை. அவளுக்குப் பின்னால் சீப்பைப் பிடித்தபடி என் உதவியாள் பிலோமினா.

கதவைத் திறந்துகொண்டு அபிராமியின் தாய் வந்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சரஸ், நிலத்தில இருக்கிறியள்? எழும்புங்கோ, நேரம் போகுது."

நான் வாயைச் சுட்டிக் காட்டினேன்.

வாயைத் திறந்தால் பின் விழும். பின் விழுந்தால் நான் கதைப்பேன். நான் கதைத்தால் காரியம் கெட்டுவிடும். இரண்டு தடவை அப்படிக் கெட்டிருக்கிறது. மூன்றாவது தடவையும் கெட்டால் பிலோமினா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

மேடையில் சொல்லாதது

போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். பெண்களைக் கைதூக்கி விடும் பெண் என்று கண்ணாடிப் பலகையில் எழுதிக் கொடுத்தார்கள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாசித்துவிட்டுத்தான் தேடி வந்தார்களாம்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா பேசினார். பெண்ணுக்குப் பெண் துணை நிற்க வேண்டும் என்று நாற்பது நிமிடம். அவருடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே ஒரு பெண் நாற்பது நிமிடமும் நின்றாள். பக்கத்தில் வெறும் கதிரை இருந்தது. இருக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் முறை வந்தபோது நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நல்ல சொல் வராது. எழுதுவது பரவாயில்லை, அடித்துத் திருத்தலாம்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுக்கக் கூடியது ஒன்றுதான். மணப்பெண். தன்னைத் தேடி வந்த மணப்பெண்ணை, வாடிக்கையை, எடுத்து மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். மிச்சம் எல்லாம் சால்வை.

எனக்கு அப்படிக் கொடுத்தவள் ஒருத்தி இருந்தாள்.

ரீட்டா அக்காவின் கை

பதினெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரயிலேறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். முதல் வேலை ரீட்டா அக்காவின் சலூனில். இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடி. கீழே நாள் முழுக்கத் தகரம் வெட்டுவார்கள், மேலே நான் முடி கூட்டுவேன். ரீட்டா அக்காவுக்கு என்னைவிட ஆறு வயதுதான் கூட. அக்கா என்றாலும் சண்டைக்குச் சமம்.

நான் வாய்க்காரி. வந்தவர்களிடம், "இந்த வெட்டு ஒங்க மூஞ்சிக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிடுவேன். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். மூன்றாவது ஆள் போனபோது ரீட்டா அக்கா ஒரு பிடி பின்னைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஏய் சரசு, இந்தா, இதக் கடி."

"எதுக்கு?"

"ஒன்ட வாய்க்கு வேல. அது சும்மா இருந்தா என்ட கட பூட்டணும்."

அன்றிலிருந்து அவள் மணப்பெண்ணுக்கு உடுத்தும்போது நான் பக்கத்தில் குந்திக்கொண்டு பின் கடித்திருப்பேன். அவள் பார்க்காமல் கையை நீட்டுவாள், நான் வாயிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். கேள்வி கேட்க முடியாது. கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சேலை எப்படி விழுகிறது, எங்கே பிடித்தால் நிற்கிறது, பெண் எந்த நேரத்தில் அழத் தொடங்குவாள், எல்லாம் அந்த உயரத்திலிருந்து, இடுப்பு மட்டத்திலிருந்து பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் போனது. ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் கலியாணப் பெண்ணுக்கு உடுத்தப் போனோம். ரீட்டா அக்கா பெட்டியைத் திறந்தாள். சேலையை எடுத்தாள். திடீரென்று வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"ஐயோ மாதாவே, கை புடிச்சிக்கிச்சி. தூக்க ஏலாது. சரசு, நீ உடுத்து."

வீட்டுக்காரர்கள் வெலவெலத்துப் போனார்கள். வேறு ஆளைத் தேட நேரம் இல்லை. நான்தான் உடுத்தினேன். ரீட்டா அக்கா இடது கையால் ஒவ்வொரு பின்னாக எடுத்து நீட்டினாள். முடிந்தபோது அந்தப் பெண்ணின் பெரியம்மா என் கன்னத்தைத் தடவி, "உன்ட பேரென்ன பிள்ளை?" என்று கேட்டார். கொழும்பில் என் பெயரைக் கேட்ட முதல் வாடிக்கைக்காரி.

சலூனுக்குத் திரும்பினோம். ஸ்திரிக்கைப் பெட்டி, கண்ணாடி எல்லாம் அடைத்த பெரிய சூட்கேஸ். அதை ரீட்டா அக்கா வலது கையால் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஏறினாள்.

நான் கீழே நின்று பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டாள் என்ற கோபம். நன்றி சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் என் பெயரைச் சொல்லித் தேடிவரத் தொடங்கினார்கள். ரீட்டா அக்கா வாசலில் நின்று, "சரசுவா? உள்ள இருக்கா, போங்க" என்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

இப்போது அவள் இல்லை. அந்த மாடியில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.

மூன்று வயது மூத்த உதவியாள்

பிலோமினா கொழும்பு முகத்துவாரத்துக்காரி. மட்டக்குளியில் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் துணிக்கு ஸ்திரிக்கை போடும் பகுதியில் இருபது வருடம் நின்றவள். அந்த இடத்தைப் பூட்டியதும் வெள்ளவத்தைக்கு வேலை தேடி வந்தாள். கடலோரப் பெரிய சாலையான காலி வீதியில் கதவு கதவாகக் கேட்டுக்கொண்டு வந்து, என் சலூனில் நின்றாள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள். நானும் திரும்பக் கேட்கவில்லை.

முதல் நாளே என்னை "மிஸ்" என்றாள்.

"நீங்க எனக்கு மூணு வயசு மூப்பு அக்கா. பேர் சொல்லுங்க."

"சரி மிஸ்" என்றாள்.

சேலையைத் தொட்டவுடன் அவளுக்குத் தெரிந்துவிடும். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு சொல்வாள்: "இது வழுக்கும் மிஸ். இடுப்புல நிக்காது, உள்ளுக்கு பெல்ட் போடணும்." சொன்னால் சரியாக இருக்கும். பின்னேரங்களில் வாடிக்கை இல்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு மடிப்பு எடுப்பாள். விரல்கள் மட்டும் நடக்கும். மழை பெய்யும் நாட்களில் நான் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்தபடி தூங்கிப் போயிருக்கிறேன். விழித்தால் சேலை முழுவதும் ஒரு சாண் அகலத்துக்கு அடுக்காக, விசிறிபோல, அவள் மடியில் இருக்கும்.

ஏழு வருடம் என் பக்கத்தில் பின் கடித்தாள். அதில் ஐந்து வருடம், அவள் என்னைவிட நன்றாக மடிப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன். வருகிறவர்கள் என் பெயரைக் கேட்டு வந்தார்கள், எனக்கு அது இனித்தது. சால்வை போர்த்தியவர்களுக்கு இது தெரியாது.

நான் போட்ட சண்டை

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, கலியாணங்கள் மறுபடியும் மளமளவென்று வரத் தொடங்கிய வருடம். ஒரு நாள் பிலோ அக்கா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். ஏஜென்சிக்காரர் கொடுத்த மெடிக்கல் கடிதம். எல்லாம் பாஸ்.

"குவைத் மிஸ். ரெண்டு வருசம். வயசு ஏறினா எடுக்க மாட்டாங்களாம்."

"எதுக்கு? இங்க என்ன கொற?"

"கொற ஒண்டும் இல்ல. ஆனா இங்க நான் கடசி வரைக்கும் ஒங்களுக்குப் பின் புடிக்கிற ஆள்தானே?"

அடித்ததுபோல இருந்தது. அடுத்த நாளே முடிவு எடுத்தேன், வருகிற மணப்பெண் பிலோ அக்காவுக்கு என்று. ரீட்டா அக்காவைப் போலப் பொய் சொல்ல எனக்கு வராது. நேராகச் சொன்னேன்.

முதல் பெண்ணின் தாய், "நாங்கள் உங்கட பேருக்குத்தானே வந்தனாங்கள்" என்றார்.

"என்ட பேர் என்ன சேலையா, உங்கட மகள் உடுத்திக்கொண்டு போக?" என்று கேட்டேன். அவர் வேறு சலூனுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது தாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவ வேதக்காரி எல்லோ, சேர்ச்சுக்குப் போற ஆள்? தாலிக்குக் கூறைச் சேலை உடுத்தத் தெரியுமோ?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கொழும்பில எத்தின கூறைய கொட்டாஞ்சேனை ரீட்டா உடுத்திவிட்டவ எண்டு தெரியுமா? அவவும் வேதக்காரிதான். உங்கட மனிசனின்ட தங்கச்சிக்கும் அவதான். கேட்டுப் பாருங்கோ!" என்று கத்தினேன். காலி வீதி வரைக்கும் கேட்டிருக்கும். அந்த அம்மா போனவர் போனவர்தான்.

பின்னேரம் பிலோ அக்கா தரையைக் கூட்டி முடித்துத் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"மிஸ், இனி எனக்காகச் சண்ட புடிக்காதீங்க. நீங்க கத்துனா எல்லாரும் ஒங்களத்தான் பாக்குறாங்க. என்ட கைய ஒருத்தரும் பாக்குறது இல்ல."

நான் தும்புத்தடியை எடுத்து, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.

மாத முடிவில் அவளுக்குப் பயணம். அதற்கு முன்னால் மிச்சம் இருந்தது ஒரு கலியாணம்தான். அபிராமியுடையது. "நாங்கள் இரண்டு பேரும் வருவம்" என்று மட்டும் தாயிடம் சொல்லி வைத்தேன்.

கூறை

உடுப்பு மாற்றும் அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறந்தேன். ஒரு பிடி பின்னை எடுத்து வாயில் வைத்தேன். சீப்பைப் பிலோ அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நிலத்தில் இருந்தேன்.

"மிஸ், காந்தக் கட்டை இருக்குத்தானே? எதுக்கு வாய்ல வைக்கிறீங்க?"

உண்மைதான். இப்போது பின் வைக்கக் காந்தக் கட்டை இருக்கிறது. வாயில் வைப்பது ஆபத்து என்று நானே எல்லாருக்கும் சொல்கிறேன். பதில் சொல்லாமல் பெண்ணின் தலையைக் கண்ணால் காட்டினேன். பிலோ அக்காவுக்குக் கை அப்படியே நின்றது. அப்போதுதான் தாய் உள்ளே வந்து, எழும்புங்கோ என்றார்.

"மிஸ்ஸுக்கு வாய்ல பின் அம்மா. கதைக்க ஏலாது" என்றாள் பிலோ அக்கா. சொல்லிக்கொண்டே சீப்பைப் பெண்ணின் தலையில் இறக்கினாள்.

"துப்பிப்போட்டுக் கதைக்கச் சொல்லுங்கோ!"

கண்ணாடிக்குள்ளிருந்து அபிராமி சொன்னாள். "அம்மா, அவ கதைக்காம இருக்கிறதே பெரிய விசயம். நீங்கள் வெளியில போய் ஐயரோட சண்டை பிடியுங்கோ. இவ வலிக்காமல் தலை இழுக்கிறா, எனக்கு நித்திரை வருது."

அதற்குள் பிலோ அக்கா வகிடு எடுத்துவிட்டாள். தாய் ஒரு நிமிடம் நின்றார். அந்த வகிட்டைப் பார்த்தார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நேரம் நின்றுவிட்டது என்றே சொல்வேன். புகை, மல்லிகை, பிலோ அக்காவின் விரல்கள். ஒரு பின், ஒரு பின். வெளியே கடல் மெதுவாக நிறம் பிடித்தது. நான் இருபது வருடத்துக்கு முந்தின உயரத்துக்கு இறங்கியிருந்தேன். இடுப்பு மட்டம். தலைக்கு மேலே ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். முதல் சேலை முடிந்து அபிராமி மணவறைக்குப் போனாள்.

ஆனால் முதல் சேலை சோதனை இல்லை. கூறைதான் சோதனை. சடங்கு நடுவில், மாப்பிள்ளை வீட்டுக் கூறையைத் தட்டில் வைத்துப் பெண்ணிடம் கொடுப்பார்கள். பெண் உள்ளே ஓடிவந்து அதை மாற்றிக்கொண்டு முகூர்த்தம் தவறுவதற்குள் தாலிக்குப் போய் இருக்க வேண்டும். கால் மணித்தியாலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இப்போது பல வீடுகளில் இரண்டு நாள் முன்னமே கூறையைத் தந்துவிடுவார்கள், மடித்து ஸ்திரிக்கை போட்டு வைக்கலாம். இந்த மாப்பிள்ளையின் தாய் தரவில்லை. தட்டில் வரும்போதுதான் நாங்கள் முதல்முதல் பார்த்தோம். சிவப்பு. மட்டை மாதிரி விறைப்பு. கரையில் ஒரு முழத்துக்குச் சரிகை.

பிலோ அக்கா உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வெளியே மேளம். யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் கையை எடுக்கவில்லை.

எடு, எடு என்று என் மனம் கத்தியது.

பிறகு அவள் கையை எடுத்துப் பெண்ணின் இடுப்பில் கூறையைச் சுற்றினாள். மடிப்பைச் சொருகுவதற்கு முன்னால், "தங்கச்சி, அந்தப் பாயில சப்பாணி கட்டி இருங்க" என்றாள்.

நேரம் இல்லாத நேரத்தில் பெண்ணை இருத்துகிறாளே! எழும்பிவிடப் பார்த்தேன். பின் ஒன்று உதட்டில் ஏறியது. இரத்தத்தின் சுவையும் பின்னின் சுவையும் ஒன்றுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். கடித்துக்கொண்டு இருந்தேன்.

அபிராமி என் எதிரே காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தாள். பிலோ அக்கா முழங்காலில் நின்று, மடியில் எவ்வளவு துணி கூடுகிறது, முழங்காலில் எவ்வளவு இழுக்கிறது என்று இரண்டு விரலால் அளந்தாள். "எழும்புங்க." எழும்பியதும் அந்த அளவுக்குத் துணியைத் தளர்த்தி மடிப்பு எடுத்தாள். கையை நீட்டினாள். நான் பின் கொடுத்தேன். நீட்டினாள். கொடுத்தேன்.

மணப்பெண் கூறையில் நிற்பது ஐந்து நிமிடம். மிச்ச நேரம் எல்லாம் மணவறையில் சப்பாணி கட்டி இருப்பது. இருபது வருடமாக நான் நிற்கிற பெண்ணுக்குத்தான் உடுத்தினேன். ஒவ்வொரு கலியாணப் படத்திலும் மடியில் துணி குவிந்து கிடப்பதைப் பார்த்து, இது சேலையின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தாய் பார்த்தார். தோளிலிருந்து கரை வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தோம். அபிராமி மணவறையில் போய் இருந்தாள். சிவப்பு அவளைச் சுற்றி அப்படியே அடுக்காக விழுந்து நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. மேளம் உச்சத்துக்குப் போனது. பிலோ அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த மூலையில் இருந்தவள்

தாலி ஏறிய பிறகு பொருட்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். பெண்ணின் கனடா மாமி உள்ளே வந்தார். வாசனையும் வேகமும் உள்ள ஆள்.

"ஆர் பிள்ளைக்குக் கூறை உடுத்தினது?"

பிலோ அக்கா என்னைப் பார்த்தாள். என் வாயில் இன்னும் மூன்று பின் இருந்தது. எடுக்க நேரம் இருந்தது. நான் எடுக்கவில்லை.

"நான்தான் அம்மா" என்றாள் பிலோ அக்கா.

"அப்ப இவ ஆர்? காலமையிலிருந்து நிலத்தில ஒண்டும் பறையாமல் இருக்கிறா?"

பிலோ அக்காவின் முகத்தில் ஒரு குறும்பு வந்ததை நான் பார்த்தேன். ஏழு வருடத்தில் முதல் தடவை.

"அது எனக்குப் பின் புடிக்க வந்த ஆள் அம்மா. நல்ல பிள்ள. கொஞ்சம் கோவக்காரி."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் வாயைத் திறக்க வேண்டும். திறக்க முடியாமல் கண்ணில் தண்ணி வந்தது.

ரீட்டா அக்காவுக்கு அன்று கை வலிக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் தெரியும். வேறு எங்கேயோ வலித்திருக்கும். அதை அந்தப் படியில் நின்றபோது நான் யோசிக்கவில்லை.

"ஆவணியில என்ட மகளுக்கு இங்கதான் கலியாணம்" என்றார் மாமி. "உங்கட நம்பரைத் தாருங்கோ."

பிலோ அக்கா கைப்பையைக் கிண்டினாள். கடதாசி இல்லை. குவைத்துக்கு எடுத்த மெடிக்கல் கடிதம் ஒன்றுதான் இருந்தது. நான்காக மடித்தது. அதன் கீழ்ப்பக்கத்தில் ஒன்றும் எழுதாத வெள்ளை இடத்தை நகத்தால் கீறி, மடிப்பு எடுப்பதைப் போலவே நேராகக் கிழித்தாள். தன் நம்பரை எழுதினாள். பெயரையும் எழுதினாள்.

மாமி போன பிறகு மிச்சக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலோரம் நின்றாள். ரயில் ஒன்று போனது. திரைச்சீலை ஊதியது. கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் நடுங்கி, மறுபடி ஒன்றுசேர்ந்தோம்.

"மிஸ்" என்றாள், திரும்பாமலே. "இனியாவது அந்தப் பின்னத் துப்புங்க."